முருகாற்றுப்படையுட் குறமகள்

பண்டைத் தமிழகத்திலே தெய்வத்திற்குப் பூசனை யாற்றினார் யாவர் என்னும் வினாவிற்கு ஆராய்ச்சியாளர் இருதிறப்பட விடை கூறுவர். அந்தணரே ஆற்றினர் என்பார் ஒருசாரார். வேலனே தமிழ்ப் பூசகன், அந்தணர் பின்வந்து அவனிடத்தைக் கவர்ந்தனர் என்பார் மற்றொருசாரார். இருவரும் திருமுருகாற்றுப்படையைச் சான்றாகக் காட்டுவர். முன்னவர் திருவேரகப் பகுதியோடு நின்றுவிடுவர். பின்னவர் குன்றுதோறாடலோடு நின்றுவிடுவர். பழமுதிர்சோலைப் பகுதியை முற்றக் கற்றார்க்கு இவ்விரு கூற்றும் நிரம்பாமை புலனாகும்.

திருவேரகத்தில் நக்கீரர் காட்டும் இருபிறப்பாளர் 48 யாண்டு பிரமசரியங் காத்தவர், முத்தீ வளர்ப்பவர். நீராடிய ஆடை உடலிலேயே புலர நின்று, கைகளைத் தலைமேற் குவித்து, ஆறெழுத்து மந்திரத்தை நாப்பெயரும் அளவில் ஓதி, நறுமலர் தூவுவர். பழமுதிர்சோலையிலோ வேலன் இழைத்த வெறியயர்களம் முருகன் உறையும் இடங்களுள் ஒன்றாக எண்ணப்படுகின்றது. அதன்பின் புலவர் விரித்துரைப்பது குறமகளின் வழிபாட்டையே. அவள் நெய்யொடு வெண்சிறுகடுகை அப்புகின்றாள். வழிபாட்டுரையை மெல்லக் கூறி வணங்குகின்றாள். நிறம் மாறுபட்ட இரண்டு ஆடைகளை உடுத்துச் செந்நூல் கட்டி வெண்பொரி சிதறுகின்றாள். கிடாயின் குருதி அளைந்த தூய அரிசியைப் பலியாக இட்டு, மஞ்சளும் சாந்தமும் தெளித்து, அலரிமாலை தூக்கி, ஊரை வாழ்த்தி, நறும்புகை காட்டிக் குறிஞ்சிப்பண் பாடுகின்றாள். அருவி யொலியோடு இயங்கள் முழங்குகின்றன. இவள் பூசகி அல்லள் எனின், பூசகர் என்னுஞ் சொற்குப் பொருள்தான் யாது?

இந்நூல் பத்துப்பாட்டின் முதற்கண் நிற்பது மட்டுமன்று; பதினோராந் திருமுறையுள்ளும் இடம்பெற்றது. ஆகலின் இது சைவர்க்கு ஓதுநூலுமாம். யான் மடத்திற் பாடங்கேட்ட காலத்து, இப்பகுதி வருங்கால் ஆசிரியர் சொற்பொருள் மாத்திரங் கூறி விரைந்து செல்வர். யான் பாடஞ்சொல்லிய காலத்தும் நெடுநாள் அங்ஙனமே செய்தேன். குருதியரிசியை மாணாக்கர்முன் விளக்கக் கூசினமையே காரணம். அக்கூச்சத்தால் யான் இழந்தது ஒரு சொல்லின் நயம். குறமகள் முருகனை வருவித்த செயலைப் புலவர் 'ஆற்றுப்படுத்த' என்னுஞ் சொல்லாற் குறிக்கின்றார். நூலின் பெயராய் நிற்கும் சொல்லே அவள் வினைக்கும் ஆயிற்று. புலவன் இரவலனை முருகன்பால் ஆற்றுப்படுத்துகின்றான். அவளோ முருகனையே தன் ஊர்க்கண் ஆற்றுப்படுத்துகின்றாள். இத்துணைச் சிறப்பு இருபிறப்பாளர்க்கும் நூலிற் கூறப்பட்டிலது. அதுபற்றி அவரினும் இவள் உயர்ந்தாள் என்பதூஉம் பொருந்தாது. அப்பகுதியை அடுத்து, அவ்வவ்விடங்களாயினும் ஆகுக, கண்டவிடத்து முகமலர்ந்து ஏத்துக எனப் பொதுப்பட ஓதினமையின், இடங்களையும் வழிபடுவாரையும் தரம்பிரித்தல் நக்கீரர் கருத்தன்று என்க.

அற்றேல், அகப்பாட்டுக்களில் வேலன் எள்ளப்படுதல் என்னையெனின், அது நாடக வழக்கு. தலைவியின் மெலிவு காதலால் வந்தது என்பதைத் தோழி அறிவாள், வேலன் அறியான். நகை அவன் அறியாமைமேற்றே யன்றி வழிபாட்டின்மேற்றன்று. நற்றிணை 34-ஆம் பாட்டிலே தோழி, வேலன் அழைக்க வந்த முருகனையே மடவை என்கின்றாள். அதுகொண்டு முருகவழிபாடு தாழ்ந்தது என்பார் உளரோ?

பூசனைத்தொழில் ஒரு குடியினர்க்கே உரியதாய் இருந்ததில்லை. நற்றிணை 293-இல் நொச்சிமாலை சூடிப் பலியிடுபவன் முதுகுயவன். 200-இல் தெருவிலே விழாவறிவிப்பவனும் அவனே. பார்ப்பார் யாவரும் வேள்விசெய்தாரும் அல்லர். வேள்வி முடித்த விண்ணந்தாயனைப் புறநானூற்றிற் பாடிய ஆவூர் மூலங்கிழாரே, சங்கறுத்து வளைசெய்யும் வேளாப் பார்ப்பானை அகநானூற்றிற் காட்டுகின்றார்.

புலாற்பலி சைவத்திற்கு இழுக்காதலின் குறமகள் பகுதி இடைச்செருகலாதல் வேண்டும் என்று நண்பர் ஒருவர் வாதித்தார். நச்சினார்க்கினியர் அதனை விலக்காது உரைகண்டனர். நமக்கு உவவாத தெல்லாம் இடைச்செருகல் எனின், எஞ்சுவது நூலன்று, நம் விருப்பமே. அப்பலியை யாம் மேற்கொள்ளுமாறில்லை. பழையோர் மேற்கொண்டதை மறைக்குமாறும் இல்லை. சேக்கிழார் மறைத்தாரல்லர். கண்ணப்பநாயனார் புராணத்தில், திண்ணனார் வேட்டைமேற் செல்லுமுன் காட்டுறை தெய்வங்கட்குப் பூசனை யாற்ற நாகன் அழைப்பது முதியளாகிய தேவராட்டியை. அப்புராணத்துள்ளேயே ஆகமவிதி பிழையாத சிவகோசரியாரும் வருகின்றார். திண்ணனார் படைத்த ஊன்கண்டு உளம்பதைத்த அவரை, மறைந்துநின்று காண்க என்று இறைவன் பணித்தருளினன். தேவராட்டியின் பூசனையைச் சொல்லுமிடத்தோ, சேக்கிழார் இகழ்ச்சிச்சொல் ஒன்றும் வைத்திலர்.