பாலையிலிருந்து ஓர் ஏக்கக் குரல்

நரம்புக் கருவி என்றதும் முகம் சுளிக்கும் அவையில் வளர்ந்தவன் நான். மதரஸாவில் ஃபிக்ஹு ஓதியவர்க்கு அஃது இயல்பே. ஆயினும், மாலி நாட்டுத் துவாரக் முஸ்லிம்களின் ‘தினாரிவென்’ இசைக்குழு 2001-இல் வெளியிட்ட ‘ரேடியோ திஸ்தாஸ் செஷன்ஸ்’ என்னும் இசைத்தட்டைக் கேட்டபின் வாளாவிருக்க இயலவில்லை. அதுவரை ஒலிநாடாக்களில் கைமாறிப் பாலையெங்கும் பரவியிருந்த அவர்தம் பாடல்களை உலகின்முன் வைத்த முதல் தட்டு இதுவே.

தமாஷெக் மொழியில் ‘தினாரிவென்’ என்றால் ‘பாலைகள்’. குழுவைத் தோற்றுவித்த இப்ராஹீம் அக் அல்ஹபீப், 1963-ஆம் ஆண்டுக் கிளர்ச்சியின்போது தம் தந்தை கொல்லப்பட்டதைச் சிறுவயதில் கண்ணெதிரே கண்டவர்; தகர டப்பா, குச்சி, சைக்கிள் பிரேக் கம்பி ஆகியவற்றால் தம் முதற் கிதாரைச் செய்துகொண்டவர். அல்ஜீரியாவிலும் லிபியாவிலும் பிழைப்புத் தேடி அலைந்த இளைஞரை ‘இஷுமார்’ என்பர். வேலையற்றோரைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லின் திரிபு அது. அக்கூட்டத்திலிருந்தே 1979 அளவில் இக்குழு எழுந்தது.

மின்சாரமே அரிதான கிதால் நகரின் வானொலி நிலையத்தில் பதிவு நடந்தது. ஆங்கிலேயரான ஜஸ்டின் ஆடம்ஸ் பதிவுக்குத் துணைநின்றார். ஆனால் மெருகேற்றுகிறேன் என்று பாட்டைக் கெடுக்கவில்லை. ஒரு கிதார் ஒரே சுருதியில் நிற்க, மற்றொன்று ஒட்டகநடையில் அதைச் சுற்றிவருகிறது. ஒருவர் பாட, மற்றவர் கைதட்டி ஏற்றுப் பாடுகின்றனர். இடையே பெண்டிர் குலவை. ஒரே நடையில் செல்லும் பாடல்கள் சில சலிப்பூட்டுவது குறையே. ஆனால் அடங்கிய குரலில் அழுகையை விழுங்கிப் பாடும் நிறைவு அக்குறையை மறக்கச் செய்கிறது.

இவ்வேக்கத்தை அவர்கள் ‘அஸ்ஸூஃப்’ என்கின்றனர். தனிமையும் பிரிவும் கலந்த சொல். பழைய அரபுக் கஸீதாக்களை ஓதியோர்க்கு இது புதிதன்று. காதலியின் கூட்டம் பெயர்ந்துபோன பாழிடத்தில் நின்று, தோழரை விளித்து அழுவதே அவற்றின் தொடக்க மரபு. இங்கே பெயர்ந்தது காதலியின் கூடாரமன்று, ஒரு சமுதாயமே.

இனி மார்க்க வினா. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் ‘இஹ்யா’வில், செவியுறுவது உள்ளத்தில் இருப்பதையே கிளறும் என்றார்கள், எனவே உள்ளத்தைப் பொறுத்தே தீர்ப்பு என்றும் உரைத்தார்கள். நரம்புக் கருவிகளை அவர்கள் விலக்கியதும் உண்மை; அதை மறைப்பது அறிவு நாணயமன்று. ஆனால் அவர்கள் கூறிய காரணம், அவை மதுவருந்துவோரின் அடையாளம் என்பது. கிதாலில் கிதார் நாடிழந்தோரின் அடையாளம். காரணம் மாறினால் தீர்ப்பு எவ்வாறாகும் என்பதை முஃப்திகளுக்கு விடுகிறேன். ஆனால் வினவாமலே தடுப்பது நியாயமன்று.

அந்த அநியாயம் நடந்தது. 1990-ஆம் ஆண்டுக் கிளர்ச்சியின் தலைவர்களுள் ஒருவரான இயாத் அக் காலி தோற்றுவித்த ‘அன்ஸாருத்தீன்’ உள்ளிட்ட இயக்கங்கள் 2012-இல் வடமாலியைக் கைப்பற்றி, இசையைத் தடை செய்தன. இத்தட்டு பிறந்த கிதாலும் அவற்றின் பிடியில் இருந்தது. ‘பிஸ்மில்லா’ என்றே ஒரு பாடலுக்குப் பெயரிட்ட மக்களின் வாயை, மார்க்கத்தின் பெயரால் அடைத்தனர்.

துயருற்றவன் பாட்டைத் தடுக்குமுன், அவன் துயரைத் தீர்க்க நாம் என்ன செய்தோம் என்று கேட்பதன்றோ மார்க்கம்?