முள்வாங்கி

பழைய தகரப் பெட்டியின் அடியில் கிடந்தது. சுண்டுவிரல் நீளம், ஒரே வளையத்தில் மூன்று இரும்புத் துண்டுகள். ஒன்று ஊசி. இன்னொன்றின் நுனி, ஒரு கடுகு உட்காரும் அளவுக்குக் குழிந்திருந்தது. மூன்றாவது, தகட்டை இரண்டாக மடித்த இடுக்கி.

ஏதோ பூட்டின் சாவி என்றான் மகன். தட்டார் கருவி என்றார் பக்கத்து வீட்டுக்காரர். பெரியம்மா கையில் வாங்கியதுமே, “முள்வாங்கிடா இது. உங்க தாத்தா அரைஞாண் கயித்துல தொங்கும்” என்றார்.

செருப்பில்லாமல் கருவேலங்காட்டில் நடந்த காலத்துக் கருவி. முள் தைத்த இடத்தில் ஊசியால் தோலை மெல்லக் கிளறி, முள்ளின் தலை தெரிந்ததும் இடுக்கியால் பிடித்து இழுப்பார்கள். குழிக்கரண்டி காதுக் குறும்பி எடுக்க.

இடுக்கியை வெளிச்சத்தில் பிடித்து அழுத்திப் பார்த்தேன். இரண்டு நுனிகளுக்கும் நடுவே ஒளி புகவில்லை. ஒரு தலைமுடியைக் கொடுத்தேன், கவ்விக்கொண்டது. அடித்துக் கொடுத்த கொல்லர் யாரோ, கெட்டிக்காரர்.

ஊசி, காதுக் கரண்டி, இடுக்கி என்ற இதே கூட்டணி ஹரப்பா அகழாய்விலும் செம்பில் கிடைத்திருக்கிறது. ரோமானியர்களும் இப்படி வளையத்தில் கோத்து வைத்திருந்தார்கள், நகத்துக்கு ஒரு துண்டையும் சேர்த்து.

துருவைத் தேங்காயெண்ணெய் போட்டுத் துடைத்து வைத்திருக்கிறேன். உங்கள் வீட்டுப் பெட்டியிலும் இருக்கலாம், தேடிப் பாருங்கள். அந்தக் கரண்டியை மட்டும் காதில் விட்டுவிடாதீர்கள்.