சோழவந்தான் கோட்டையும் ஏடுகளின் மௌனமும்

அலங்காநல்லூருக்கு அண்மையிலுள்ள சோழவந்தானில் அந்நாளில் ஒரு கோட்டை இருந்தது. மதுரை–திண்டுக்கல் சாலை அதன் பிடியில் கிடந்தது. 1757-இல், கேப்டன் காலியாட் மதுரையை முற்றுகையிட்டபோது, அதற்குக் காவலாக யூசுப்கான் அக்கோட்டையைக் கைக்கொண்டார். அதே ஆண்டில் ஐதர் அலி அதைப் பிடித்து, மதுரை மதில்வரை முன்னேறினார். ஆங்கிலேயர் காலத்து விவரச்சுவடிகள் இதனைச் சில வரிகளில் தெளிவுற உரைக்கின்றன. சுருக்கம் அவற்றின் சிறப்பு. குறையும் அதிலேயே பிறக்கிறது. கோட்டையைக் கொண்டவர் பெயர் உண்டு. அச்சாலையில் நெல் சுமந்தவரைப் பற்றி அவ்வரிகளில் ஒரு சொல்லும் இல்லை. இணைச்சட்ட நூலோ (20:19), நகரை முற்றுகையிடுவோர் கனிமரங்களை வெட்டலாகாது என விதிக்கிறது. போரின் நடுவிலும் எளியோரின் உணவை நினைக்கும் அப்பார்வையே, வரலாற்று ஏடுகளை எடைபோட நமக்கு அளவுகோலாகட்டும்.