பேய் வரும் பின்னே, சத்தம் வரும் முன்னே

பேய்ப் படத்தில் பயந்துபோன ஆள் சட்டென்று கண்ணைப் பொத்திக்கொள்வார். உண்மையில் பொத்த வேண்டியது காதை. சத்தத்தை நிறுத்திவிட்டு அதே காட்சியைப் பாருங்கள். தலைமுடியை விரித்துப் போட்டுக்கொண்டு ஒரு நடிகை நடந்து வருவார், அவ்வளவுதான். பல படங்களில் சிரிப்புகூட வரும். அடுத்த முறை படத்தை மறைத்துவிட்டுச் சத்தத்தை மட்டும் கேளுங்கள். பயமுறுத்துகிற வேலையை யார் செய்கிறார்கள் என்பது அந்த இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

பெருங்களத்தூர்வாசிகளுக்கு இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. ஒருபக்கம் ஜிஎஸ்டி ரோடு, இன்னொரு பக்கம் செங்கல்பட்டு மின்சார ரயில், போதாததற்குக் கிளாம்பாக்கத்துக்குப் போகிற பஸ்களின் ஹாரன். நல்ல பேய்ப் பட இசையில் பாதி, காதில் விழுந்தும் விழாத ஓசைகள். ஊர் இரைச்சலில் முதலில் அடிபட்டுப்போவதும் அவைதான். அதனால் ஊர் அடங்கிய பிறகு பாருங்கள், ஹெட்போனோடு. போனில் இருக்கிற குட்டி ஸ்பீக்கருக்கு அடித்தொண்டை உறுமல் வரவே வராது.

'ஈரம்' படத்தில் தொடங்கலாம். 2009இல் வந்தது, இயக்கம் அறிவழகன், இசை தமன். இறந்த பெண் தண்ணீர் வழியாக வருகிறாள் என்பதுதான் கதையின் முடிச்சு. ஆகவே குழாய் சொட்டினாலே நமக்கு வயிற்றைக் கலக்கும். இங்கே கேட்க வேண்டியது சொட்டை அல்ல, இரண்டு சொட்டுக்கு நடுவில் இருக்கிற இடைவெளியை. அடுத்த சொட்டு எப்போது விழும் என்று மனசு தானாகவே எண்ண ஆரம்பிக்கும். அந்தக் கணக்குத் தப்புகிற இடத்தில் உடம்பு தூக்கிப் போடும். கூடவே இன்னொன்றையும் கவனியுங்கள்: எந்தத் தண்ணீர்ச் சத்தம் அந்த வீட்டில் இருக்கிறவருக்கும் கேட்கிறது, எது நமக்கு மட்டும் கேட்கிறது? இந்த ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டால் உலகத்தின் எந்தப் பேய்ப் படத்தையும் பிரித்துப் பார்த்துவிடலாம்.

இதே தமன்தான் 2011இல் லாரன்ஸின் 'காஞ்சனா'வுக்கும் இசை. அங்கே சொட்டும் கிடையாது, இடைவெளியும் கிடையாது. அடி, அடி, அடி. இதை மட்டம் என்று ஒதுக்க எனக்கு மனசில்லை. ஆடி மாதம் நம் பக்கத்து அம்மன் கோயில்களில் கூழ் ஊற்றும்போது பம்பையும் உடுக்கையும் ஏறஏறக் கூட்டத்தில் யாராவது ஒருவர் ஆட ஆரம்பிப்பார். அந்தத் தாளம் சாமியை இறக்குகிற தாளம் என்று நம் காதுக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். 'காஞ்சனா' அந்தப் பழக்கத்தின் மேல் ஏறி உட்காருகிறது. ஆனால் அதைப் பார்த்துப் புறப்பட்ட எத்தனையோ பேய்க் காமெடிப் படங்கள் கதவு திறந்தாலும் 'டமார்', பூனை குதித்தாலும் 'டமார்' என்று போட்டன. அங்கே நாம் துள்ளுவது இசைக்காக அல்ல. பின்னால் யாராவது தட்டை விழவிட்டாலும் துள்ளத்தான் செய்வோம்.

மிஷ்கினின் 'பிசாசு' (2014) வேறு ரகம். கதாநாயகனே வயலின் வாசிப்பவன். அதனால் 'யாருக்குக் கேட்கிறது' என்ற நம் கேள்விக்கு அங்கே சுலபமாகப் பதில் கிடைக்காது. வயலின் அவன் கையிலும் இருக்கிறது, பின்னணியிலும் இருக்கிறது. இசையமைப்பாளர் அரோல் கொரேலி. பெயரின் பின்பாதி, இத்தாலியின் பழைய வயலின் மேதை ஆர்காஞ்சலோ கொரேலியுடையது. அந்த வீட்டுப் பிசாசு யாரையும் அடிக்க வரவில்லை. தந்திகளும் அதற்கேற்பக் கீச்சிடுவதைவிட அதிகமாக அழுகின்றன. படத்துக்கு ஒரே பாட்டு, பாடியவர் சிறுமி உத்தரா உன்னிகிருஷ்ணன். பேய்ப் படத்தில் குழந்தைக் குரல் என்றால் வழக்கமாக மிரட்டத்தான் பயன்படுத்துவார்கள். இதில் அது ஆறுதலாக வருகிறது.

இனிமையை வைத்தே பயமுறுத்தலாம் என்பதற்குப் பள்ளிக்கூடத் திகில் படங்களின் பாட்டியான 'கேரி'யைப் (1976) பாருங்கள். அதற்கு பெர்னார்ட் ஹெர்மன் இசையமைப்பதாக இருந்தது. 'சைக்கோ'வுக்கு வெறும் தந்திக் கருவிகளை வைத்தே உலகத்தை அலறவிட்டவர். 1975 டிசம்பரில் அவர் இறந்துபோக, வாய்ப்பு பீனோ டொனாஜியோவுக்குப் போனது. வகுப்புப் பெண்கள் குளிக்கிற தொடக்கக் காட்சிக்கு அவர் போட்டது காதல் படத்துக்குப் பொருந்துகிற மெட்டு. கேரி தன் சக்தியைக் காட்டும்போது மட்டும் ஹெர்மனின் அந்த வயலின் கீச்சு எட்டிப் பார்த்துவிட்டுப் போகும். முன்னோடிக்குப் பின்வந்தவர் போட்ட கும்பிடு.

கடைசியாக 'சப்தம்' (2025). மறுபடியும் அறிவழகன், தமன், 'ஈரம்' நாயகன் ஆதி. மூணாறில் ஒரு மருத்துவக் கல்லூரி. மாணவர்கள் ஒவ்வொருவராக இறக்கிறார்கள். ஓசையை வைத்தே ஆவியைத் துப்புத் துலக்க ஒருவர் வருகிறார். கதை பல இடங்களில் தன் பாரத்தைத் தானே தாங்காமல் தள்ளாடுகிறது என்பது என் கருத்து. காதுக்கு அது விருந்து என்பதிலும் சந்தேகமில்லை. ஆனால் காதுக்கு எட்டாத ஓசையும் உண்டு. மனிதக் காதின் எல்லை சுமார் 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை. அதற்குக் கீழே இருப்பது கேட்காது, ஆனால் பலமாக இருந்தால் உடம்புக்கு உறைக்கும். இங்கிலாந்தில் விக் டாண்டி என்ற பொறியாளருக்குத் தன் ஆய்வுக்கூடத்தில் இருப்புக்கொள்ளாத கலக்கம், ஓரக்கண்ணில் சாம்பல் நிற உருவம். மறுநாள் பட்டறைப் பிடியில் மாட்டியிருந்த வாள் தானாக நடுங்குவதைப் பார்த்துத் துருவினால், புதிதாக மாட்டிய காற்றாடி கிளப்பிய 19 ஹெர்ட்ஸ் அலை! 1998இல் அதைக் கட்டுரையாகவே எழுதினார். எல்லோரும் ஒப்புக்கொண்ட முடிவல்ல, ஆனால் 'சப்தம்' பார்க்கும் முன் தெரிந்துகொள்ள ஏற்ற கதை. வீட்டு ஃபேனை முறைத்துப் பார்க்க வேண்டாம். மே மாதத்தில் அதை நிறுத்துகிற தைரியம் பேய்க்கே கிடையாது.

இந்த வகைப் படம் அடுத்து தியேட்டருக்கு வந்தால் விடாதீர்கள். மூன்றே ஸ்டேஷன் தள்ளி குரோம்பேட்டை வெற்றியில் அட்மாஸ் இருக்கிறது. நடு வரிசையில், நடுவில் உட்காருங்கள். வசனம் திரைக்குப் பின்னாலிருந்து வரும், அதை விட்டுவிடுங்கள். முதுகுக்குப் பின்னாலும் தலைக்கு மேலும் என்ன நகர்கிறது என்று கேளுங்கள். பாப்கார்னை மட்டும் இடைவேளையில் சாப்பிடுங்கள், பக்கத்து சீட்டுக்காரர் புண்ணியத்துக்கு.