துறைமுகக் காற்றும் மார்ஷ்மெலோ ஃபாண்டன்டும்

450 கிராம் மார்ஷ்மெலோவை இரண்டு மூன்று மேசைக்கரண்டி தண்ணீரில் உருக்கி, ஏறத்தாழ 900 கிராம் ஐசிங் சீனியைச் சிறிது சிறிதாகச் சேர்த்து, கையில் மாஜரின் தடவிப் பிசைந்தால் ஃபாண்டன்ட் தயார். கடைச் சரக்கைவிட இதுவே ருசி என்பேன். பிறந்தநாள் கேக்குக்குப் போர்வையாகும். மிச்சத்தில் சாயமிட்டு நங்கூரம், மீன், சாமத்தியவீட்டுக் கேக்குக்குத் தாமரை என்று செய்யலாம்.

திருகோணமலையில் இதற்குப் பகை கடல் ஈரம்தான். சீனி அதை இழுத்துப் பிசுபிசுக்கும். மாரிமழை கொட்டும் கார்த்திகை, மார்கழியில் பூவிதழ்கள் இலேசில் காயா. பிரிட்ஜில் வைத்து எடுத்தாலோ கேக்கே வியர்க்கும். அதனால் வெளியே வைத்தாலும் கெடாத ரிச் கேக்தான் இதற்குத் தோது.

மார்ஷ்மெலோவில் பெரும்பாலும் விலங்கு ஜெலட்டின் இருக்கும். முஸ்லிம் வீட்டுக்கென்றால் ஹலால் முத்திரையைப் பாருங்கள். மரக்கறி மட்டும் உண்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுங்கள்.