எழுதப்படாத ஒப்பந்தம்

நான் வேலை பார்க்கும் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு மூட்டை இரும்புத் துகள் வெளியே போகவும் கேட் பாஸ் வேண்டும். எடை, விலை, கையெழுத்து. என் கவிதைத் தொகுப்பு பதிப்பாளரிடம் போனபோது துண்டுச் சீட்டுகூட இல்லை. கேட்பது அற்பத்தனம் என்று நினைத்தேன். நம் சிறுபத்திரிகைச் சூழல் வளர்த்த நினைப்பு இது: காசைப் பற்றிப் பேசாதிருப்பதே கலைப் பிரக்ஞை.

பாரதி விஷயம் இதைப் பொய்யாக்குகிறது. 1921இல் அவர் இறந்த பிறகு நூலுரிமை தம்பி விசுவநாதனிடமும், பாடல்களின் ஒலிப்பதிவு உரிமை ஏ.வி. மெய்யப்பனிடமும் சேர்ந்தன. 1948இல் ‘பில்ஹணன்’ படத்தில் அவர் பாட்டு இடம்பெற்றபோது தகராறு எழுந்தது. 1949இல் சென்னை அரசு உரிமையை வாங்க வேண்டியிருந்தது. ஆக, யார் பாடலாம் என்பதைத் தீர்மானித்தது கவித்துவம் அல்ல, பத்திரம்.

கேரள எழுத்தாளர்கள் இதை முன்பே உணர்ந்தார்கள். 1945இல் கோட்டயத்தில் கூட்டுறவுச் சங்கம் அமைத்து 30 சதவீத ராயல்டி பெற்றார்கள். அதனால் அவர்கள் இலக்கியம் மலினப்பட்டுவிடவில்லை.

1957ஆம் வருஷச் சட்டப்படி எழுத்தில் இல்லாத உரிமை மாற்றம் செல்லாது. எழுதியிருந்தும் காலவரை குறிக்காவிட்டால், 1994 திருத்தத்தின்படி ஐந்து வருஷம்தான். எனவே என் கவிதைகள் இன்றும் என்னுடையவை. எத்தனை பிரதி அச்சாயிற்று என்ற கணக்கு மட்டும் என்னிடம் இல்லை. உரிமை எனக்கு, கணக்கு அவருக்கு: எழுதப்படாத ஒப்பந்தம் இதுதான்.

ஒரு படிமத்தை நாலு பக்கம் அலசும் நாம், அந்தப் புத்தகம் எந்த நிபந்தனையில் வந்தது என்று கேட்பதில்லை. அடுத்த தொகுப்புக்குக் காலம், பிரதி, சதவீதம் மூன்றையும் எழுதிக் கேட்கப்போகிறேன். அற்பன் என்றே சொல்லட்டும்.