பந்தின் மேல் விழுந்த நிழல்

கல்லூரியில் வானியல் அறிமுகப் பாடம் எடுப்பவர்களில் கைதேர்ந்தவர் யார் என்று அறிய எனக்கு ஒரே ஒரு அளவுகோல்தான் உண்டு. “அமாவாசை ஏன் வருகிறது?” என்று கேட்டுவிட்டு அவர் எவ்வளவு நேரம் வாய் திறக்காமல் நிற்கிறார் என்று பார்ப்பேன்.

மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வியாளர் பள்ளி வகுப்புகளை ஒலிப்பதிவு செய்து ஆராய்ந்தவர். கேள்வி கேட்ட ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடிதான் பொறுத்தார்கள். அதை மூன்று விநாடியாக நீட்டியதும் பதில்கள் நீண்டன, கேட்காமலே பேச முன்வந்தார்கள் பிள்ளைகள். வானியலில் அந்த மௌனம் இன்னும் முக்கியம். நிலாவைப் பார்த்தே வளர்ந்தவர்கள், அதற்கு ஆளுக்கொரு விளக்கத்தைச் சிறுவயதிலேயே மனத்துக்குள் செய்து வைத்திருப்பார்கள். அது வெளியே வராதவரை, எத்தனை பாடம் நடத்தினாலும் அதன் மேல் பூசிய சுண்ணாம்புதான்.

1987-இல் வந்த ‘எ பிரைவேட் யுனிவர்ஸ்’ என்ற குறும்படத்தில் இதைக் கண்ணால் பார்க்கலாம். ஹார்வர்டு பட்டமளிப்பு விழாவில் பட்டதாரிகள், பழைய மாணவர்கள், ஆசிரியர்கள் என 23 பேரிடம் பருவங்கள் பற்றியோ பிறைகள் பற்றியோ கேட்டார்கள். 21 பேர் தவறான விளக்கம் தந்தார்கள். பூமி சூரியனை நெருங்கும்போது கோடை வருகிறது என்று அவர்களில் சிலர் சரளமாக விளக்கினார்கள். பூமி சூரியனுக்கு மிக அருகில், 14.7 கோடி கிலோமீட்டரில், வருவது ஜனவரி முதல் வாரத்தில். அது நமக்கு மார்கழிக் குளிர். ஜூலையில் தூரம் 15.2 கோடி. பருவங்களை மாற்றுவது பூமியின் 23.5 டிகிரி சாய்வு.

இந்த எண்களை உடனே கரும்பலகையில் எழுதிவிடுபவர் பாதி வித்தையைக் கோட்டைவிடுகிறார். தேர்ந்தவர் வேறொன்றைக் கேட்பார்: “டிசம்பர் 26, மெல்போர்னில் டெஸ்ட் மேட்ச். அங்கே ஏன் கோடை?” கேட்டுவிட்டுச் சும்மா இருப்பார். வகுப்பில் ஒரு சலசலப்பு எழும். தன் விளக்கம் தன் கையிலேயே உடைவதை மாணவர் உணரும் சத்தம் அது. எனக்கு அதைவிட இனிய ஓசை வகுப்பறையில் இல்லை.

அமெரிக்காவில் ‘ஆஸ்ட்ரோ 101’ என்று அழைக்கப்படும் இந்தப் பாடத்தை ஆண்டுக்குச் சுமார் இரண்டரை லட்சம் பேர் படிக்கிறார்கள் என்பது ஒரு மதிப்பீடு. பெரும்பாலானோர் வேறு துறைக்காரர்கள். பலருக்கு வாழ்நாளின் கடைசி அறிவியல் வகுப்பு இதுதான். அவர்களுக்காக எட்வர்ட் பிராதர், திமத்தி ஸ்லேட்டர், ஜெஃப் ஆடம்ஸ் முதலியோர் ‘லெக்சர் டுடோரியல்ஸ்’ என்ற பயிற்சிப் புத்தகத்தை உருவாக்கினார்கள். கொஞ்சம் விரிவுரை, பிறகு இருவர் இருவராகச் சேர்ந்து ஒரு தாளை முடிக்க வேண்டும். அதில் எனக்கு மிகப் பிடித்தது, இரண்டு கற்பனை மாணவர்கள் வாதாடும் இடங்கள். “பூமியின் நிழல் விழுவதால்தான் நிலா தேய்கிறது” என்பது போல ஒருவர் பேசுவார். மற்றவர் மறுப்பார். யார் சொல்வது சரி, ஏன் என்று நாம் எழுத வேண்டும். தவறாகப் பேசுகிறவரை அசடாக எழுதிவிடவில்லை என்பதே இதன் அழகு. அவர் பேச்சு நியாயமாக ஒலிக்கிறது. தவறுக்கு இப்படி மரியாதை கொடுத்து எழுத, ஆயிரம் மாணவர்களைக் காதுகொடுத்துக் கேட்டிருக்க வேண்டும்.

இதற்குப் பலன் உண்டா? 31 கல்லூரிகளில் ஏறக்குறைய 4,000 மாணவர்களை வைத்து நடந்த ஆய்வு 2009-இல் வெளியானது. நன்றாகக் கற்ற வகுப்புகள் எல்லாம் மாணவர்கள் பேசவும் விவாதிக்கவும் நேரம் கொடுத்தவை. வகுப்பின் அளவு பெரிய வித்தியாசம் எதையும் செய்யவில்லை.

ஆனாலும் இந்தக் கலையின் உச்சம் என்று நான் நினைப்பது மிகப் பழைய, மிக மலிவான ஒரு செய்முறை. இருட்டறை. நடுவில், தலை உயரத்தில், மூடியில்லாத ஒரு பல்ப். ஒவ்வொருவர் கையிலும் பென்சிலில் குத்திய வெள்ளைத் தெர்மோகோல் பந்து. பல்ப் சூரியன், பந்து நிலா, அவரவர் தலைதான் பூமி. கையை நீட்டி விளக்கைப் பார்த்து நின்றால் பந்தின் இருண்ட முகம் தெரியும்: அமாவாசை. மெல்ல இடப்பக்கம் திரும்பினால் வல ஓரத்தில் ஒரு கீற்று. கால் வட்டம் திரும்பியதும் பாதி நிலா. பந்தில் பாதி எப்போதுமே வெளிச்சத்தில்தான் இருக்கிறது, மாறுவது நாம் பார்க்கும் கோணம் மட்டுமே என்பது அப்போது கைக்கே தெரிகிறது.

விளக்குக்கு முதுகு காட்டும்போது ஒன்று நடக்கும். முழுநிலா தெரிய வேண்டிய இடத்தில் தன் தலையின் நிழல் பந்தை மூடும். “சார், தெரியல” என்று நாலு பக்கமும் குரல். நல்ல ஆசிரியர் இந்தக் கணத்துக்காகத்தான் காத்திருப்பார். அமாவாசைக்குக் காரணம் என்று அவர்கள் நம்பிய அதே பூமி நிழல், இதோ, பௌர்ணமியில் வந்து நிற்கிறது. கிரகணம் என்ற சொல்லை அவர் சொல்லமாட்டார், யாராவது சொல்லும்வரை. பிறகு ஒரே கேள்வி: “மாதாமாதம் பௌர்ணமி வருகிறதே, மாதாமாதம் கிரகணம் வருகிறதா?” யாரோ ஒருத்தி கையைச் சற்று உயர்த்துவாள். நிழல் விலகி முழுநிலா ஒளிரும். நிலாவின் பாதை சுமார் 5 டிகிரி சாய்ந்திருப்பதை அவள் தோள்பட்டையே கண்டுபிடித்துவிட்டது.

நம் ஊர் ஆசிரியர் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். அமெரிக்கப் புத்தகப் படங்களில் வளர்பிறை வலப்பக்கம் நிமிர்ந்து நிற்கும். சென்னையில் மாசி, பங்குனி மாதங்களில் மூன்றாம் பிறை மேற்கு வானில் படகுபோல மல்லாந்து கிடக்கும். படத்தை நம்பிப் பாடம் நடத்தினால், மொட்டைமாடிக்குப் போன மாணவர் குழம்புவார். முதலில் வானத்தைப் பார்த்துவிட்டு வரச் சொல்பவரே எனக்குப் பிடித்த ஆசிரியர்.

உங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போகும் பிள்ளை இருந்தால், இன்றிரவு ஓர் எலுமிச்சம்பழத்தைப் பென்சிலில் குத்திக் கையில் கொடுங்கள். அறையில் ஒரே ஒரு பல்ப் எரியட்டும். இடப்பக்கமாகத் திரும்பிக்கொண்டே பார்க்கச் சொல்லுங்கள். வேறெதுவும் சொல்லாதீர்கள்.